கணக்குக்கு நகல்: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் நம் மாவட்ட வியாபாரிகள் மறக்கவில்லை. நனைந்த பேரேட்டை உலர்த்தி ஓரளவாவது படித்துவிடலாம். கம்ப்யூட்டர் தண்ணீரில் மூழ்கினால் வெளியே நிற்கும் பாக்கி விவரம் மொத்தமும் அதோடு போய்விடும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், விபத்தாலோ இயற்கையாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. விதி 57. பாதுகாக்க வேண்டிய காலமோ, ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள்.

நகல் மென்பொருளைத் திறந்தால் எந்த முறை என்று கேட்கும். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'மிர்ரர்' என்றால் கண்ணாடி போல் அப்படியே நகல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைப் பையன் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால், அடுத்த முறை நகலிலிருந்தும் அது அழியும். வைரஸ் கெடுத்த ஃபைல் நல்ல ஃபைலின் மேல் ஏறிக்கொள்ளும். கணக்குக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

'இன்கிரிமென்டல்' முறை மாறியதை மட்டும் எடுக்கும். இடம் மிச்சம். மீட்கும்போது முழு நகலும் பிறகு எடுத்த ஒவ்வொன்றும் வரிசையாக வேண்டும். 'டிஃபரன்ஷியல்' என்றால் முழு நகலும் கடைசியாக எடுத்ததும் போதும். ஸ்கேன் செய்த பில்களுக்கு இவை சரி.

சிறு கடையின் கணக்கு ஃபோல்டர் பெரும்பாலும் சிறியதே. அதற்குத் தினமும் முழு நகலை, தேதியிட்ட தனி ஃபோல்டரில் எடுப்பதே நம் யோசனை. கணக்கு ஃபைல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. பழைய நகலின் மேல் எழுதும்போது கரண்ட் போனால் பாதி நேற்றையது, பாதி இன்றையது என்று நின்றுவிடும்; நகல் இருந்தும் திறக்காமல் போகலாம். எல்லா கம்ப்யூட்டரிலும் கணக்கு மென்பொருளை மூடிவிட்டே ஆரம்பியுங்கள். 'வெரிஃபை' என்றிருந்தால் அதையும் போடுங்கள். நேரம் கூடும், பரவாயில்லை.

நகல் உள்ள பென் டிரைவை கம்ப்யூட்டரிலேயே செருகி வைப்பவர்கள் நம்மில் அநேகர். வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். கடலூர் முதுநகர்க் கடைக்காரர், பாஸ்வேர்டு போட்ட ஒரு நகலைச் சிதம்பரத்தில் உறவினர் கடையில் வைக்கலாம். அவர் நகல் இங்கே இருக்கட்டும். ஒரே புயல் இரண்டு ஊரையும் தாக்கக்கூடும் என்பதால் இன்னொன்றை இணையச் சேமிப்பில் வையுங்கள். மாதம் ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் நகலைத் திறந்து, முந்தைய நாள் ரொக்க இருப்பு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.