பல் டாக்டருக்கு சங்கம் எதுக்கு? ஒரு பாட்டிலால் 8 பேர் செத்த கதை!

சென்னை கோட்டை ரெயில் நிலையத்தில் காலை நேரத்தில் இறங்குகிறவர்கள் இந்த காட்சியை பார்த்திருப்பார்கள். கன்னத்தில் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, பேச முடியாமல், கையை காட்டியே வழி கேட்டுக்கொண்டு சிலர் போவார்கள். எல்லோரும் எதிரே உள்ள அரசு பல் ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள். 1953-ம் ஆண்டு சென்னை மருத்துவக்கல்லூரியின் ஒரு பிரிவாக தொடங்கி, தனிக்கல்லூரியாக வளர்ந்த இடம் அது.

பல் வலி வந்தவனுக்கு ஒரே கவலைதான். வலி போகணும். டாக்டர் எந்த சங்கத்தில் இருக்கிறார், மாதக்கூட்டத்துக்கு போகிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. வாயை திற என்றால் திறக்கிறோம். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வாயை திறந்ததால் உயிரை விட்டவர்கள் உண்டு. அதுவும் நம் தமிழ்நாட்டில்!

8 சாவு

2022 ஜூலையில் இருந்து 2023 ஏப்ரல் வரை, திருப்பத்தூர் மாவட்டத்திலும் சுற்றுப்புறத்திலும் ஒரு விசித்திர நோய் பரவியது. காய்ச்சல் வரும். தலைவலி மண்டையை பிளக்கும். பேச்சு குழறும். முகம் ஒரு பக்கம் கோணும். டாக்டர்கள் திகைத்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நிபுணர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலை சேர்ந்தவர்களும், மாநில பொது சுகாதாரத்துறையும் சேர்ந்து துப்பு துலக்கினார்கள். 'மெலியாய்டோசிஸ்' என்று நோய்க்கு பெயர். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் ஒரு கிருமி. அது மூளையை தாக்கி இருந்தது. மொத்தம் 21 பேருக்கு.

யார் யார், எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று போலீஸ் விசாரணை மாதிரி ஒவ்வொருவராக கேட்டார்கள். அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. 21 பேரில் 10 பேர், வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள்! அந்த 10 பேரில் 8 பேர் செத்துப்போனார்கள்.

காரணம்? ஒரு சலைன் பாட்டில். பல்லை பிடுங்கிய இடத்தை கழுவ வைத்திருக்கும் உப்புத்தண்ணீர். பாட்டிலை ஈறு நெம்பும் கருவியால் திறந்திருக்கிறார்கள். மிச்சத்தை பஞ்சு வைத்து மூடி, அடுத்த ஆளுக்கும் அதையே ஊற்றி இருக்கிறார்கள். அந்த பாட்டிலில் கிருமி குடியிருந்தது. இந்த ஆய்வு 2025-ல் மருத்துவ பத்திரிகையில் வெளியானதும் நாடே அதிர்ந்தது.

ஒரு பாட்டில் சலைன் என்ன விலை? ஆஸ்பத்திரி பக்கம் உள்ள மருந்துக்கடையில் கேட்டுப்பாருங்கள். ஒரு வேளை சாப்பாட்டு காசுக்குள் அடங்கும்.

தனி ஆள்

அந்த டாக்டர் சங்கத்தில் இருந்தாரா இல்லையா என்பதல்ல இங்கே பேச்சு. பல் டாக்டர் தொழில் எப்படிப்பட்டது என்பதை பார்க்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தப்பு செய்தால், பக்கத்தில் இன்னொரு டாக்டர் இருப்பார். தலைமை நர்சு இருப்பார். 'என்ன சார், பழைய பாட்டிலையே எடுக்கிறீங்க?' என்று ஒரு குரலாவது கேட்கும்.

பல் கிளினிக் அப்படி அல்ல. மளிகைக்கடைக்கு மேல் ஒரு மாடி. ஒரு நாற்காலி. ஒரு டாக்டர். உதவிக்கு ஒரு பெண். அவரும் பெரும்பாலும் பயிற்சி இல்லாதவர். டாக்டர் 20 வருடமாக எதை எப்படி செய்கிறாரோ, அப்படியேதான் செய்வார். கேட்க ஆள் கிடையாது. சொல்லித்தரவும் ஆள் கிடையாது.

கல்லூரியில் படித்தது 4 வருடம். பிறகு ஒரு வருடம் பயிற்சி. அதற்கு அப்புறம் யார் வந்து பரீட்சை வைக்கப்போகிறார்கள்? கருவிகளை பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் 'ஆட்டோகிளேவ்' எந்திரத்தில் 121 டிகிரி சூட்டில், 15 நிமிடமாவது நீராவியில் வேகவைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் எல்லா கிருமியும் சாகாது. இது எல்லா டாக்டருக்கும் தெரியும். மாலை 7 மணிக்கு வெளியே 10 பேர் காத்திருக்கும்போது எத்தனை பேர் 15 நிமிடம் பொறுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதை சக டாக்டர் ஒருவர் கேட்டால் உறைக்கும். சுகாதார அதிகாரி வந்து கேட்டால் அன்றைக்கு மட்டும் பளபளப்பாக இருக்கும். சங்கக்கூட்டத்தில் பத்து பேர் நடுவில் 'நீங்க எந்த எந்திரம் வச்சிருக்கீங்க?' என்று ஒருவர் கேட்டால், மறுநாளே வாங்கி வைக்கத்தோன்றும். மனித சுபாவம் அது!

கவுன்சில் வேறு, சங்கம் வேறு

பொதுமக்கள் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. சில டாக்டர்களுக்கே உண்டு. பல் மருத்துவ கவுன்சில் என்பது சட்டப்படி அமைந்தது. அங்கே பெயரை பதிந்தால்தான் பல்லை தொடலாம். ஆட்டோ டிரைவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி. தப்பு செய்தால் லைசென்சு போகும்.

சங்கம் என்பது ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் வைத்திருக்கும் சங்கம் மாதிரி. சேரலாம், சேராமலும் இருக்கலாம். ஆனால் மீட்டர் கட்டணத்தை பற்றி மந்திரியிடம் பேசப்போவது ஆர்.டி.ஓ. அல்ல. சங்கம்தான்.

வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மே 5-ந்தேதி வணிகர் தினம் என்றால் கடையை பூட்டிவிட்டு மாநாட்டுக்கு போகிறவர்கள் அவர்கள். விற்பனை வரி காலத்தில் இருந்து அவர்கள் கற்ற பாடம் அது. பட்டம் பெற்ற பல் டாக்டர்களோ, 'சங்கமா? அதுக்கு ஏது சார் நேரம்? சாயங்காலம்தானே பேஷண்ட் வர்றாங்க' என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஐஸ்கிரீம் விற்று கல்லூரி

இந்தியாவில் பல் டாக்டர் என்ற தொழிலுக்கே மரியாதை வந்தது சங்கத்தால்தான். அந்த கதை சுவையானது.

ரபியுதீன் அகமது என்று ஒருவர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துவிட்டு கல்கத்தாவுக்கு வந்தார். 1920-ல் நாட்டிலேயே முதல் பல் மருத்துவக்கல்லூரியை அங்கே தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு குளிர்பான, ஐஸ்கிரீம் கடை வைத்தார்! அந்த வருமானத்தை கல்லூரியில் போட்டார். பல்லை கெடுக்கும் பண்டத்தை விற்று பல்லை காக்கும் படிப்புக்கு வழி செய்த மனிதர்.

அவர் கல்லூரியோடு நிற்கவில்லை. 1925-ல் பல் மருத்துவத்துக்கு பத்திரிகை ஆரம்பித்தார். வங்காளத்தில் பல் டாக்டர்களை ஒன்றுசேர்த்தார். 1939-ல் வங்காளத்தில் பல் டாக்டர்களுக்கு என்று தனிச்சட்டம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த மறுவருடமே, 1948-ல், இந்தியா முழுவதற்கும் பல் டாக்டர்கள் சட்டம் வந்தது. அதுவரை குறடு வைத்திருந்தவன் எல்லாம் பல் டாக்டர்தான். யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்.

பின்னாளில் அவர் மேற்கு வங்காளத்தில் மந்திரியாகவும் இருந்தார். 1964-ல் பத்மபூஷண் விருது பெற்றார். அந்த கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான்.

500 ரூபாய்

அந்த 1948 சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருந்தது. பதிவு செய்யாமல் பல் வைத்தியம் பார்த்து பிடிபட்டால், முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். மறுபடியும் பிடிபட்டால்தான் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

1948-ல் 500 ரூபாய் பெரிய பணம். குமாஸ்தாவின் பல மாத சம்பளம். காலம் போகப்போக, ஒரு செட் பல் கட்டி வாங்கும் காசில் கட்டிவிட்டு போகும் தொகையாகிவிட்டது. தெருவோரத்தில் துண்டை விரித்து, ரெடிமேட் பல்லை பரப்பி வைத்துக்கொண்டு, பசை போட்டு ஒட்டுகிற ஆசாமிகள் இதற்கெல்லாம் பயப்படுவார்களா? ஒட்டின பல்லுக்கு அடியில் சீழ் பிடித்து, தாடை வீங்கி, கடைசியில் ஓடிவருவது கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான்.

சட்டத்தில் உள்ள தொகையை மாற்ற ஒரு தனி டாக்டரால் முடியுமா? கலெக்டரிடம் மனு கொடுத்தால் 'பார்க்கிறோம்' என்பார்கள். ஆயிரம் டாக்டர்கள் சேர்ந்து பார்லிமெண்டு உறுப்பினரை பார்த்தால் கேட்பார்கள்.

ஓட்டு போச்சு

2023-ல் பழைய சட்டத்துக்கு பதிலாக தேசிய பல் மருத்துவ கமிஷன் சட்டம் வந்தது. ஜூலை 28-ந்தேதி லோக்சபாவிலும், ஆகஸ்டு 8-ந்தேதி ராஜ்யசபாவிலும் நிறைவேறியது. படித்து முடிப்பவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே இறுதித்தேர்வு, தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களுக்கு கட்டணம் பற்றிய வழிகாட்டி விதி என்று பல விஷயங்கள் அதில் உண்டு. கள்ள டாக்டர்களுக்கு தண்டனையும் கூடியிருக்கிறது.

ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். பழைய சட்டப்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் பதிவு செய்த பல் டாக்டர்கள் ஓட்டு போட்டு தங்களில் ஒருவரை டெல்லி கவுன்சிலுக்கு அனுப்பினார்கள். புது சட்டத்தில் கமிஷனின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய சர்க்கார்.

தேர்தல் என்றால் தில்லுமுல்லும் இருக்கும், வாஸ்தவம். அதற்காகத்தான் மாற்றினோம் என்று சர்க்கார் தரப்பில் நியாயம் சொல்லலாம். ஆனால் ஓட்டு இல்லாத இடத்தில் டாக்டரின் குரல் எப்படி எட்டும்? சங்கம் வழியாகத்தான் எட்டணும். வேறு வழி இருக்கிற மாதிரி தெரியவில்லை.

3 விரல்

பல் டாக்டருக்கு மட்டும் தெரிந்து, ஊருக்கு தெரியாத ரகசியங்கள் சில உண்டு.

உங்கள் கையின் 3 விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக சேர்த்து வாய்க்குள் நுழைத்துப்பாருங்கள். நுழையும். பாக்கும் குட்காவும் மென்றே பழகியவனுக்கு 2 விரல் நுழையாது. சிலருக்கு ஒன்றே கஷ்டம். கன்னத்தின் உள்பக்கம் தோல் மாதிரி இறுகிப்போகும். காரம் பட்டால் எரியும். இதை முதலில் பார்ப்பவர் பல் டாக்டர்தான். கொஞ்ச பேருக்கு இதுவே புற்றுநோயாக மாறுகிறது.

ஒரு டாக்டர் மாதத்துக்கு இப்படி 2 பேரை பார்த்தால், அது அவருக்கு 2 பேர்தான். சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். ஊரில் உள்ள எல்லா டாக்டரும் நோட்டை ஒன்றாக சேர்த்தால்தான் எந்த பேட்டையில், எந்த தொழிற்சாலை பக்கம், எந்த வயது பையன்கள் என்பது விளங்கும்.

ஏனென்றால் எதிர்த்தரப்பு சும்மா இருப்பதில்லை. 1992-ல் பற்பசை, பல்பொடியில் புகையிலை சேர்க்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் தடை போட்டது. ஆமாம், பல்பொடியிலேயே புகையிலை! அந்த தடையை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1997-ல் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்கு தடை வந்தது. வருடாவருடம் நீட்டித்துக்கொண்டே போன அந்த உத்தரவை 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கம்பெனிக்காரனுக்கு வக்கீல் உண்டு. வாய் திறக்க முடியாதவனுக்கு யார் பேசுவது?

காவிப்பல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போனவர்களுக்கு தெரியும். பள்ளிக்கூட பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்பு கோடுகள் இருக்கும். விளக்கவில்லை என்று வாத்தியார் திட்டுவார். தப்பு பிள்ளைமேல் இல்லை. கிணற்றுத்தண்ணீரில் புளோரைடு. குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அங்கே பல கிராமங்களில் அதை தாண்டியது.

பல்லில் தெரியும் கறை வெறும் ஆரம்பம்தான். பிறகு எலும்பு வளையும். அதற்கு பற்பசையா மருந்து? தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. ஜப்பான் நிதியுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்தது. 2013-ல் திறந்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய் தடுப்பு என்பதும் உண்டு. அரசியலும், இரண்டு மாநில தகராறும் கலந்த பெரிய கதை அது. பிள்ளையின் பல்லை பார்த்துவிட்டு 'தண்ணியை மாத்துங்க' என்று சொல்வதும் பல் வைத்தியம்தான் என்பது அங்கே நிரூபணம் ஆனது.

குறையும் உண்டு

சங்கம் என்றால் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. நட்சத்திர ஓட்டலில் விருந்து, வாசலில் பற்பசை கம்பெனி ஸ்டால், மேடையில் பொன்னாடை. தலைவர் பதவிக்கு இரண்டு கோஷ்டி. புதிதாக பட்டம் வாங்கிய பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டு போய்விடுகிறார்கள்.

அவர்கள் பாடுதான் திண்டாட்டம். நாட்டில் 300-க்கு மேல் பல் மருத்துவக்கல்லூரிகள். வருடத்துக்கு 25 ஆயிரத்துக்கும் அதிகமான இடங்கள். சர்க்கார் வேலையோ கொஞ்சம். கடன் வாங்கி நாற்காலி போட்டவருக்கு வாடகை கட்டவே மூச்சு திணறுகிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் வேலை வேண்டும் என்று கேட்கவேண்டியது அவர்கள்தான். கேட்டு கிடைத்தால் அவர்களுக்கும் பிழைப்பு, கிராமத்தானுக்கும் பஸ் செலவு மிச்சம். ஆனால் அவர்கள்தான் கூட்டத்துக்கே வருவதில்லை. சந்தா அதிகம் என்று ஒரு காரணம். பெரியவர்கள் பேசவிடுவதில்லை என்று இன்னொரு காரணம். இரண்டுமே உள்ளே போனால்தான் மாறும்.

நாற்காலியில் சாயும் முன்

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தடவை பல் டாக்டரிடம் போனால் போர்டை பாருங்கள். பட்டத்துக்கு பக்கத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று கவனியுங்கள். கருவியை உறையில் இருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். சலைன் பாட்டில் மூடி புதிதாக உடைத்ததா, பஞ்சு அடைத்ததா என்று கேளுங்கள்.

கேட்டால் கோபிக்கிற டாக்டர் என்றால், பல்வலியோடு எழுந்து வந்தாலும் பரவாயில்லை.