அழகர் வரும் வாரமும் டயாலிசிஸ் நாள்களும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாள்களில் எங்கள் சிறுநீரகப் பிரிவின் புறநோயாளர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நேராகக் கேட்பவர்கள் சிலர்தாம். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து நடந்து, கதவருகே நின்று திரும்பிக் கேட்பவர்களே மிகுதி. "அழகரைப் பார்க்கப் போகலாமாம்மா?"

சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதற்கு நான் யோசிக்காமல் ஒரே விடையைச் சொல்லிவந்தேன். வேண்டாம். வெயில், கூட்டம், தாகம், கண்ட இடத்துச் சாப்பாடு. சிறுநீரக நோயாளிக்கு ஆகாதவை அனைத்தும் ஒரே வாரத்தில் கூடுகின்றன, ஆதலால் வேண்டாம். மருத்துவ நூலின்படி இதில் பிழை இல்லை. இருப்பினும் அந்த விடை எவ்வளவு ஆபத்தானது என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு நோயாளி.

அறுபது வயதைக் கடந்தவர். இளமை முதல் ஆண்டுதோறும் விரதமிருந்து, தோல் துருத்தி சுமந்து, அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சிவந்தவர். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளத் தொடங்கிய முதல் ஆண்டு அது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அவருடைய டயாலிசிஸ் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. "உறவுக்காரர் வீட்டு விசேஷம்" என்று செவிலியரிடம் சொல்லிவிட்டு அன்று வரவில்லை. மறுநாள் இரவு மூச்சுத்திணறலுடன் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய அளவை நெருங்கியிருந்தது. இரவோடு இரவாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினோம். மூன்றாம் நாள், ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போகக் கூடாதும்பீக. அதான் சொல்லலைம்மா" என்றார்.

கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. முன்னரே தெரிந்திருந்தால் அவருடைய டயாலிசிஸை ஒரு நாள் முன்னதாகவே செய்து அனுப்பியிருக்கலாம். என்னுடைய "வேண்டாம்" அவரைத் திருவிழாவிலிருந்து தடுக்கவில்லை. எங்களிடம் உண்மை சொல்வதிலிருந்து மட்டுமே தடுத்திருந்தது.

அதனால் இப்போது கேள்வியை நாங்களே முந்திக் கேட்கிறோம். போகலாமா என்பதன்று, எந்த நாள், எந்த இடம், எத்தனை மணிக்கு என்பதே கேள்வி. மதுரைச் சித்திரைத் திருவிழா ஒரே ஒரு விடியற்காலை நிகழ்ச்சி அன்று. கொடியேற்றத்தில் தொடங்கி, பட்டாபிஷேகம், திக்கு விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குதல், தசாவதாரம், பூப்பல்லக்கு என்று ஒரு வாரத்துக்கும் மேலாக ஊர் முழுவதும் விரிந்து கிடப்பது. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவரும், தேனூரில் வைகையில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரச்செய்தவரும் திருமலை நாயக்கரே என்பது மரபு. தேர் ஓடும் வீதிகள் இன்றும் மாசி வீதிகள் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றன. சைவமும் வைணவமும், நகரமும் கிராமமும் கலக்கும் இந்த வாரத்தில் நோயாளிக்கென்று ஓரிடம் இல்லாமற் போகுமா?

அவ்வாறு பார்த்தால், உடல் தளர்ந்தவர்களுக்கு ஏற்ற வேளை மாசி வீதிகளின் மாலை நேரமே என்பது என் கருத்து. அம்மனும் சுவாமியும் நாளுக்கொரு வாகனத்தில் உலா வருகிறார்கள். முன்னால் நாதசுரமும் தவிலும். இடையே கோலாட்டமடிக்கும் சிறுமியர், மீனாட்சியாகவும் முருகனாகவும் வேடமிட்ட குழந்தைகள். வெயில் தாழ்ந்திருக்கும். அந்த வீதிகளில் தெரிந்தவர் வீடோ கடையோ இருந்தால் வாசலில் ஒரு நாற்காலி போதும். சுவாமியே நம்மைத் தேடி வருகிறார். தொலைக்காட்சியில் திருக்கல்யாணமும் ஆற்றில் இறங்குதலும்தாம் பெரிதாகக் காட்டப்படுகின்றன என்பதால் இந்த மாலைகளை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். இசை கேட்க வேண்டுமானால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

திருக்கல்யாணம் முற்பகலில் நடப்பது. பந்தலுக்குள் நெரிசலும் புழுக்கமும் உண்டு. அதே வேளையில் வீட்டிலிருந்தபடியே புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் வழக்கம் ஏற்கெனவே இருப்பது நமக்கு வசதி. எங்கள் டயாலிசிஸ் பிரிவில் அன்று காலை முறைக்கு வரும் பெண்கள் நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே, ஊசி குத்தப்படாத கையால் மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுக்க, உடனிருக்கும் தாயோ மகளோ கட்டிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடம் இயந்திரங்களின் ஒலியைத் தவிர வேறு பேச்சே இராது.

தேரோட்டத்தைக் காண அதிகாலையிலேயே சென்று, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். நீரிழிவால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடக்கவே கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. கொப்புளத்தை மறுநாள் வேறொருவர்தாம் கண்டு சொல்வார். செருப்பைக் கழற்றியே ஆகவேண்டிய இடத்தில் பருத்திக் காலுறை அணியலாம். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் விளக்கொளியில் உள்ளங்கால்வரை பார்த்துவிடுங்கள்.

இனி அழகர். கோயிலில் இருந்து கள்ளர் கோலத்தில் புறப்பட்டு, வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வருகிறார். தங்கையின் கல்யாணத்துக்குப் புறப்பட்டுத் தாமதமாகிவிட்டது என்று நாட்டார் கதை சொல்லும். மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் அளிக்கவே வருகிறார் என்று கோயில் மரபு சொல்லும். எதுவாயினும், விரைந்து செல்பவர் அல்லர் என்பது நமக்கு நல்லது. மூன்று மாவடி தொடங்கித் தல்லாகுளம் வரை நடக்கும் எதிர்சேவையில் மாலையோ இரவோ ஒரு மண்டகப்படியில் அமர்ந்து அவரைப் பார்த்துவிடலாம். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலை கட்டி, அதன்மேல் சூடம் ஏற்றி நிற்பவர்கள், திரி ஏந்துபவர்கள், கருப்பசாமி வேடமிட்டவர்கள் என்று திருவிழாவின் நாட்டுப்புற முகம் முழுவதும் அங்கே உண்டு.

பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் அவர் வைகையில் இறங்கும் காட்சிக்கு ஆற்றுக்குள் செல்வது பற்றி மட்டும் என் விடை மாறவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அண்மையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள், இதயம் பலவீனமானவர்கள் அங்கே செல்ல வேண்டாம். பல இலட்சம் பேர் திரளும் இடம் அது. 2022-ஆம் ஆண்டு அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்கே நெடுநேரமாகும். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொற்றுக் காலத்தில் மதுரையே அழகரைத் தொலைக்காட்சியில்தான் கண்டது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் அவ்வாறே இருந்துகொள்ளுங்கள்.

துருத்தி நீரைப் பற்றியும் ஒரு சொல். கழுத்திலோ மார்பிலோ டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டிருப்பவர்கள் தண்ணீர் பீய்ச்சும் இடத்தருகே செல்லக் கூடாது. குழாயின் மேலுள்ள கட்டு நனைந்தால் கிருமி நேரே இரத்தத்துக்குள் செல்ல வழி திறக்கிறது. தவறி நனைந்துவிட்டால் வீட்டில் நீங்களாகப் பிரித்துக் கட்டாமல் உடனே எங்களிடம் வாருங்கள். கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள் கூட்டத்தில் அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் பை மாட்டுவதோ, குழந்தையைத் தூக்கிக்கொள்வதோ வேண்டாம். காயம் பட்டு இரத்தம் வந்தால் விரலால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது தண்ணீர்ப் பந்தல்தான். நீர்மோர், பானகம், இளநீர், தர்ப்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு என்று அன்போடு நீட்டுகிறார்கள். வேண்டாமென்று மறுப்பது சாமி பிரசாதத்தையே மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. நீட்டும் கைக்கு உங்கள் சிறுநீரகத்தின் நிலை தெரியாது. குடிக்கும் உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்த வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குறைத்தால் வலி வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ பெரும்பாலும் முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்ததே ஒரு நாளைய கணக்கு. பந்தலுக்கு ஒரு டம்ளர் என்று மூன்று பந்தல்களைக் கடந்தால் அந்தக் கணக்கு முடிந்துவிடும். மோரில் உள்ள உப்பு தாகத்தை மேலும் தூண்டும். ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ 500 முதல் 600 மில்லி கிராம் பொட்டாசியம் உண்டு. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், செயலிழந்த சிறுநீரகத்தால் முடியாது. சேர்ந்த பொட்டாசியம் முன்னறிவிப்பின்றி இதயத்துடிப்பைக் குலைக்கும். பானகத்தின் வெல்லத்திலும் பொட்டாசியம் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அதன் இனிப்பு மற்றொரு சுமை. வெயிலுக்கு நல்லதென்று கொடுக்கப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் டயாலிசிஸ் நோயாளிக்கு மருத்துவர் சொல்லாமல் ஆகாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை, அவரும் கிட்னி நோயாளிதான் என்பதற்காக, நீங்கள் பின்பற்றாதீர்கள்.

தாகத்தை எப்படித் தாங்குவது? அன்றைய அளவை ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி எடுத்துச் சென்று, அதிலிருந்து மட்டும் மிடறு மிடறாகக் குடியுங்கள். வீட்டிலிருந்து இரண்டு எலுமிச்சைத் துண்டுகள் கொண்டுபோய் நாவில் தடவிக்கொள்ளலாம். ஈரத்துணியைப் பிடரியில் போட்டுக்கொள்ளலாம். கழுத்துக் குழாய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஊறுகாய், அப்பளம், வற்றலை முந்தைய நாளே நிறுத்திவிட்டால் தாகம் பாதி குறையும். இந்த ஊரில் தண்ணீரோடு விசிறியும் தானம் செய்கிறார்கள். விசிறியைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொட்டாசியம் இல்லை.

நடந்து வந்த கால்வலிக்குக் கடையில் கேட்டு வலிமாத்திரை வாங்கி விழுங்குவது ஒவ்வோர் ஆண்டும் திருவிழா முடிந்த வாரத்தில் எங்களுக்குப் புதிய நோயாளிகளைக் கொண்டுவருகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தை நேரே தாக்கும். இது நலமாக உள்ள குடும்பத்தினருக்கும் பொருந்தும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் முகக்கவசம் அணிந்து செல்லட்டும். அன்னதானத்தில் சூடாகப் பரிமாறப்படுவதை உண்ணலாம். வெட்டி வைத்த பழமும் தயிர்ச்சாதமும் வேண்டாம். இரவு மாத்திரைக்கான மணி அடிக்கும்போது அழகர் எங்கே இருந்தாலும் மாத்திரை முதலில்.

உடன் வரும் குடும்பத்தாருக்கும் சொல்ல வேண்டும். நோயாளியின் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: பெயர், டயாலிசிஸ் நாள்கள், உலர் எடை, உங்கள் கைபேசி எண், எங்கள் அவசரப் பிரிவின் எண். மூச்சு வாங்கினாலோ, கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ "சாமி பார்த்துட்டுப் போயிடலாம்" என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அதோடு, நீங்களும் திருவிழா பாருங்கள். ஆண்டுக்கணக்கில் திருவிழாப் பக்கமே போகாத மனைவியரையும் மருமகள்களையும் எங்கள் காத்திருப்பு அறையில் பார்க்கிறேன். டயாலிசிஸ் நான்கு மணி நேரம் நடக்கும். அந்நேரம் உங்கள் மனிதர் எங்கள் பொறுப்பு. செவிலியரிடம் சொல்லிவிட்டு மாசி வீதிவரை போய்வாருங்கள்.

துருத்தி சுமந்த அந்தப் பெரியவர் மறுஆண்டு பங்குனியிலேயே வந்து நாளைச் சொன்னார். டயாலிசிஸை ஒரு நாள் முன்னதாக மாற்றிக் கொடுத்தோம். துருத்தியைப் பேரனிடம் கொடுத்து, கட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்து, தாம் தல்லாகுளத்தில் ஒரு மண்டகப்படியில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தாராம். அடுத்த டயாலிசிஸுக்கு வந்தபோது எடை ஒன்றரைக் கிலோ மட்டுமே கூடியிருந்தது. "பய துருத்திய சரியாப் பிடிக்கலம்மா, பாதித் தண்ணி எம்மேலதான்" என்று குறைபட்டுக்கொண்டார். நல்லவேளையாக அவருக்குக் கையில்தான் ஃபிஸ்டுலா.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் மேசையில் சித்திரை மாத நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. திருவிழா வாரத்தில் நீங்கள் செல்ல விரும்பும் நாளில் உங்கள் பெயரை எழுதிவையுங்கள். முறை மாற்றத்துக்குக் குறைந்தது பத்து நாள் அவகாசம் கொடுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாளின் காலை முறைதான் முதலில் நிரம்பும்.