முற்றுப்பெறாத விளையாட்டு

பாதி கட்டிய வீட்டில் குடியேற யாராவது சம்மதிப்போமா? கணினி விளையாட்டு உலகில் இது அன்றாடம் நடக்கிறது. முற்றுப்பெறாத விளையாட்டை முன்கூட்டியே விற்று, வாங்கியவர்கள் கூறும் குறைகளைக் கேட்டுச் சிறிது சிறிதாக நிறைவு செய்வதை ‘ஏர்லி ஆக்சஸ்’ என்பர். ஸ்டீம் என்னும் விற்பனைத் தளம் 2013-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பகுதியையே தொடங்கியது.

அதற்கு முன்பே இவ்வழியில் சென்றவர் சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன். 2009 மே மாதத்தில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை அரைகுறை வடிவிலேயே வெளியிட்டார். வாங்கியவர்கள் தந்த பணத்தால் வேலையை விட்டு முழுநேரமும் அதில் ஈடுபட்டார். துணைக்கு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். 2011 நவம்பர் 18-இல் முழு வடிவம் வெளிவந்தது.

அமெரிக்காவின் எரிக் பரோன் வேறு வழியைத் தேர்ந்தார். ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற உழவு விளையாட்டுக்கு ஓவியம், இசை, கதை, நிரல் யாவும் அவர் ஒருவரே செய்தார். முடியும்வரை விற்கவில்லை. நாடக அரங்கொன்றில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் உழைத்து, 2016 பிப்ரவரி 26-இல் வெளியிட்டார். 2024 இறுதிக்குள் நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டன!

தனி ஒருவரின் வேலை ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது? விளையாட்டில் ஒரு செடியைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். விதை முதல் கனி வரை ஒவ்வொரு பருவத்திற்கும் படம் வரைய வேண்டும். வளரும் நாட்களையும் விலையையும் கணக்கிட வேண்டும். பிறகு சோதிக்க வேண்டும். ஒரு பிழையைத் திருத்தினால் மற்றொன்று தலைகாட்டும். முன்கூட்டியே விற்றவருக்கோ கடிதங்களுக்குப் பதில் எழுதவும், பழைய ஆட்டங்கள் கெடாமல் காக்கவும் நேரம் வேண்டும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பணம் தரலாமா? கூடாது. சில விளையாட்டுகள் முடியாமலே போகலாம் என்று ஸ்டீம் தளமே எச்சரிக்கிறது. ஆகவே நாளைய வாக்குறுதிக்காக அன்றி, இன்று கையில் கிடைப்பதற்காகவே வாங்க வேண்டும்.

தாமதம் வேறு, ஏமாற்று வேறு. முடிந்ததையும் முடியாததையும் மறைக்காமல் சொல்பவரிடம் பொறுமை காட்டுவோம். பணம் பெற்றுக்கொண்டு மௌனம் சாதிப்பவரைக் கேள்வி கேட்போம். பொறுமை வாங்குபவரின் கடமை என்றால், வாய்மை விற்பவரின் கடமை அன்றோ!