ரப்பிஷ் எங்கே போகிறது? எடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

ஜாயின்ட் வென்ச்சருக்கு வீட்டைக் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறார்கள். ஹாலுக்கு என்ன டைல்ஸ், குழாய் எந்தக் கம்பெனி, லிஃப்டில் எத்தனை பேர் போகலாம் என்று பில்டரோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். இருக்கிற வீட்டை இடித்தால் வரும் ரப்பிஷ் எங்கே போகும் என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வரி இருக்காது. கேட்டால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஒரே பதில்தான்: “அதெல்லாம் இடிக்கிறவங்க பார்த்துப்பாங்க சார்.”

அவர்கள் பார்த்துக்கொள்கிற விதத்தைச் சொல்கிறேன். பழைய வீட்டை இடிக்க எடுப்பவருக்கு லாபம் தேக்கு உத்தரத்திலும் கதவு ஜன்னலிலும் கம்பியிலும் இருக்கிறது. ரப்பிஷ் அவருக்கு வெறும் செலவு. லோடுக்கு இவ்வளவு என்று பேசி லாரிக்காரர் தலையில் கட்டிவிடுகிறார். இரவில் கிளம்பும் டிப்பர் பெருங்குடியில் உள்ள பதப்படுத்தும் நிலையம் வரை போய், வரிசையில் நின்று, எடை போட்டால் டீசலும் போகும், நேரமும் போகும். வழியிலேயே அடையாற்றங்கரை இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு இருக்கிறது. பின்கதவைத் திறந்து பெட்டியைத் தூக்கினால் இரண்டு நிமிட வேலை. அந்தச் சதுப்பு 2022-ல் பன்னாட்டுச் சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நிலம் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் யாரையும் தடுப்பதில்லை.

இதன் விலை என்ன என்பதைத் தி.நகர் 2021 நவம்பர் மழையில் பார்த்துவிட்டது. மாம்பலம் கால்வாயைச் சீரமைக்கும் வேலை அப்போது பாதியில் நின்றிருந்தது. கட்டுமான இடிபாடு கால்வாய்க்குள்ளேயே கிடந்து தண்ணீரை மறித்தது. அடையாற்றுக்குப் போக வேண்டிய மழைநீர் தெருக்களில் தேங்கி வீடுகளுக்குள் ஏறியது. மழைக்காலத்துக்கு முன்பே அள்ளியிருக்க வேண்டிய கல்லையும் மண்ணையும், ஊர் மூழ்கிய பிறகு இயந்திரம் வைத்து அள்ளினார்கள். வடிகாலுக்கு எத்தனை கோடி ஒதுக்கினால் என்ன, அதன் வாயில் செங்கல் கிடந்தால் தண்ணீர் எங்கே போகும்?

சட்டத்தில் குழப்பமே இல்லை. கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளை மத்திய அரசு 2016 மார்ச்சில் கொண்டுவந்தது. கழிவை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. வீட்டுக்காரர், பில்டர் இருவரையும் அது கட்டுப்படுத்தியது. சாலையிலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது. மனைக்குள் வைத்திருந்து, சேகரிப்பு மையத்துக்கோ பதப்படுத்தும் நிலையத்துக்கோ அனுப்பி, கட்டணமும் கட்ட வேண்டும். ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால், வேலை தொடங்கும் முன்பே கழிவு மேலாண்மைத் திட்டம் கொடுத்து உள்ளாட்சியின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது.

“20 டன்னெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நம்ம வீட்டுக்கு இல்லை” என்று எல்லாரும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு செங்கல் சுவர் ஏறக்குறைய நான்கு டன். ஓர் அறைக்கு நான்கு சுவர் என்றால் பதினாறு டன். கதவு ஜன்னலைக் கழித்தாலும், தளத்தையும் தரையையும் சேர்த்தால் இரண்டு அறையிலேயே 20 டன் தாண்டிவிடும். பொக்லைன் வைத்தால் இரண்டு அறை ஒரு காலை வேலை. இங்கே இடிபட்ட வீடுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குக் கீழே வந்திருக்காது.

அந்த 2016 விதிகளுக்குப் பதிலாக 2025-ல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் அவைதான் நடைமுறை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்கள் கழிவை மறுசுழற்சிக்குக் கொடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதில் முக்கியம். இதைக் கேட்டதும் சின்ன மனைக்காரர்கள் தங்களுக்கு விடுதலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கண்ட இடத்தில் கொட்டாமல் உரிய இடத்தில் சேர்க்கும் கடமை யாரையும் விட்டுப் போகவில்லை.

சென்னையில் இதற்கென்று மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 400 டன் கொள்ளளவு. தென்சென்னைக்காரர்களுக்குப் பெருங்குடிதான் பக்கம். இனி செய்ய வேண்டியதைக் கவனமாகப் படியுங்கள். தவறு நடப்பதெல்லாம் இங்கேதான்.

உங்கள் சொத்து வரி ரசீதை எடுங்கள். பில் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று வார்டு. மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தி.நகரின் பெரும்பகுதி கோடம்பாக்கம் மண்டலத்திலும், அடையாறு தன் பெயரிலேயே உள்ள மண்டலத்திலும் இருந்துவந்தவை. ஆனாலும் ரசீதில் உள்ள எண்ணை நம்புங்கள், தெருவில் கேட்டதை நம்பாதீர்கள். அந்த மண்டல அலுவலகத்தில், இடிக்கும் முன்பே, இடிப்பதற்கான அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கட்டட அனுமதி வேறு, இடிப்பு அனுமதி வேறு. “பிளான் வந்துருச்சு சார், அதிலேயே எல்லாம் அடங்கும்” என்று பில்டரின் ஆள் சொன்னால், அனுமதிக் கடிதத்தின் எண்ணும் தேதியும் கேளுங்கள். மின் இணைப்பைத் துண்டித்ததற்கும், மெட்ரோ வாட்டர் கழிவுநீர் இணைப்பை அடைத்ததற்கும் காகிதம் இருக்க வேண்டும். அந்தக் குழாயை அடைக்காமல் இடித்தால் ஜல்லியும் காரையும் உள்ளே இறங்கித் தெருவுக்கே பிரச்சினையாகும்.

அடுத்தது ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் இந்த மாதிரி ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லுங்கள்: “மேற்படி மனையிலுள்ள கட்டடத்தை இடிப்பதால் வரும் கழிவு முழுவதையும் கட்டுமானர் தன் செலவில் மாநகராட்சியின் பதப்படுத்தும் நிலையத்தில் சேர்த்து, ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டின் அசலை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அனைத்துச் சீட்டுகளும் ஒப்படைக்கப்பட்ட பின்பே அஸ்திவார வேலை தொடங்கலாம். வேறிடத்தில் கொட்டியதால் வரும் அபராதமும் இழப்பீடும் கட்டுமானரையே சாரும்.” வக்கீலிடம் காட்டி மொழியைச் சீர்செய்துகொள்ளுங்கள். கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு பில்டர் உங்கள் போனையே எடுக்கமாட்டார். பழைய அடுக்குமாடியை மறுகட்டுமானத்துக்குக் கொடுக்கும் சங்கங்கள் பொதுக்குழுத் தீர்மானத்திலேயே இதை எழுதிவிடலாம்.

எடைச்சீட்டில் வண்டி எண், தேதி, நேரம், லோடோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை எல்லாம் இருக்கிறதா பாருங்கள். மனையின் வாசலில் ஒரு நோட்டு வைத்து, கிளம்பும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். நோட்டில் முப்பது வண்டி, கையில் இருபது சீட்டு என்றால் மீதிப் பத்து லோடு ஏதோ ஒரு நீர்நிலையில் கிடக்கிறது, உங்கள் பெயரில். கட்டணமும் அபராதமும் அவ்வப்போது மாறும். முதல் வண்டி கிளம்பும் முன் மாநகராட்சியின் உதவி எண் 1913-ல் அன்றைய தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாடியிலோ பின்கட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அங்கே வேறு எச்சரிக்கை வேண்டும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான முடிவு. கூரையில் முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போது பறக்கும் இழைதான் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வருகிறது. இங்கே நடப்பது என்ன? மேலே நிற்பவர் ஷீட்டைச் சம்மட்டியால் அடித்துக் கீழே தள்ளுகிறார். முகத்தில் ஒரு துண்டு கட்டியிருப்பார். அந்தத் துண்டு இழையைத் தடுக்காது. ஷீட்டைத் தண்ணீர் அடித்து நனைத்து, கொக்கி போல்ட்டைக் கழற்றி, உடையாமல் இறக்கி, தடித்த பாலிதீனில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். ரப்பிஷோடு கலக்கவே கூடாது. அபாயக் கழிவைப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கே அனுப்பும் வழியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் அலையவிடுவார்கள். எழுத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், உடைக்காதீர்கள்.

பொக்லைனுக்கு முன்னால் கையால் பிரிக்கச் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. மயிலாப்பூரின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு மிருது, செங்கல்லில் உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் காரை உதிர்ந்து கல் முழுசாகக் கையில் வரும். சிமென்ட்டில் ஒட்டிய கல் அப்படி வராது, உடையும். முழுக் கல்லைக் காம்பவுண்ட் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம், தேக்கு விட்டம் விலை போகும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. ஏற்கெனவே சுட்ட கல்லைக் குப்பையில் போட்டுப் புதுக் கல்லுக்குச் சூளை மூட்டுவதில் என்ன அர்த்தம்?

பதப்படுத்திய ஜல்லியை நம்பலாமா என்று கேட்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 383, 2016 பதிப்பு, பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில், எம்25 தரம் வரை, 20 சதவீதமும், கம்பியில்லாததில் 25 சதவீதமும் சேர்க்க அனுமதிக்கிறது. தரைக்கு அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டுக்கு முழுக்கவே அதைப் போடலாம். ஃப்ளை ஆஷ் செங்கல், பி.பி.சி. சிமென்ட் இரண்டும் அனல்மின் நிலையச் சாம்பலை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஸ்பெசிஃபிகேஷனில் குழாய்க் கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் இவற்றுக்கும் இடம் கேளுங்கள்.

ஃப்ளாட்டில் பாத்ரூம் மாற்றுகிறவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உடைத்த டைல்ஸை சிமென்ட் சாக்கில் கட்டி நடைபாதையில், அதுவும் மழைநீர் வடிகால் மூடியின் மேலேயே அடுக்குகிறார்கள். குப்பை வண்டி அதை எடுக்காது. சாக்கு கிழிந்து பாதி வடிகாலுக்குள் போகிறது. நம்ம சென்னை செயலியிலோ 1913-லோ பதிந்தால் மாநகராட்சியே எடுத்துப்போக ஏற்பாடு உண்டு. வண்டி வரும்வரை சாக்கு உங்கள் வளாகத்துக்குள் இருக்கட்டும்.

பக்கத்து மனை இடிபடும்போது அவதிப்படுகிறவர்களுக்கும் உரிமை இருக்கிறது. 2023 ஜனவரியில் அண்ணா சாலையில், ஆயிரம் விளக்குப் பக்கம், பழைய கட்டடத்தை இடிக்கையில் சுவர் நடைபாதையில் சரிந்து, நடந்துபோன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். தடுப்பு இல்லாத இடிப்பைக் கண்டால் அன்றே புகார் செய்யுங்கள். தூசி பறக்காமல் தண்ணீர் அடிப்பது, தடுப்பும் துணியும் கட்டுவது, வண்டியை மூடிக் கொண்டுபோவது பற்றி மாநகராட்சி 2025 ஏப்ரலில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது; பெரிய தளங்களுக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நெறிமுறை காகிதத்தில் இருக்கிறது. தெருவுக்கு அது தானாக வராது.

புகாருக்கு வண்டி எண் தெரியும் படம், இடம், தேதி, நேரம் வேண்டும். 1913-ல் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் வந்து பார்க்காமலே “தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தால் அதோடு விடாதீர்கள். அன்றைய தேதியில் இன்னொரு படம் எடுத்து, புகார் எண்ணோடு மண்டல அலுவலருக்கு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பிறகு மாநில அரசின் குறைதீர்ப்புப் பிரிவான முதல்வரின் முகவரி, எண் 1100. கூடவே பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த முகவரிக்கு இடிப்பு அனுமதி எந்த எண்ணில், எந்தத் தேதியில் தரப்பட்டது? இந்த மனையிலிருந்து பதப்படுத்தும் நிலையத்துக்கு எத்தனை டன் வந்தது? முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ஆற்றிலோ சதுப்பிலோ கொட்டியதற்கு ஆதாரம் கையில் இருந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். சட்டத்தின் 14-ஆம் பிரிவில் போகும் மனுவைப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தரலாம். மண்டல அலுவலகப் படி ஏறி இறங்குவதிலேயே இந்த ஆறு மாதம் போய்விடுகிறது. கொட்டிய நாளிலிருந்து காலண்டரில் எண்ணிக்கொள்ளுங்கள். நான்காவது மாதம் முடிவதற்குள் வக்கீலைப் பாருங்கள்.