கிளட்ச் பெடலுக்காக ஒரு போராட்டம்

2013-இல் வெளிவந்த போர்ஷே 911 ஜிடி3 காரில் கிளட்ச் பெடலே இல்லை. பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படும் கார் அது. அதில் மேனுவல் கியர் கிடையாது, ‘பிடிகே’ எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் என்றதும் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள்.

வேகம்தான் கணக்கு என்றால் போர்ஷே செய்தது சரி. மேனுவலில் கை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், கிளட்ச்சை மிதித்துக் கியர் மாற்றும் அந்தக் கணத்தில் இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகாது. பிடிகேயில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. மூன்றாவது கியரில் கார் சீறிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடவிட மற்றது பிடித்துக்கொள்ளும், விசை அறுபடாது. 1980-களில் 956, 962 பந்தயக் கார்களில் போர்ஷே பழகிப் பார்த்த நுட்பம் இது. 911-க்கு 2008-இல்தான் வந்தது.

2021-இல் வந்த ஜிடி3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தை எட்ட பிடிகேக்கு 3.4 வினாடி, மேனுவலுக்கு 3.9. இத்தனைக்கும் மேனுவல் கார் 17 கிலோ எடை குறைவு. பந்தயத்தில் அரை வினாடி என்பது பெரிய இடைவெளி.

அப்படியும் மேனுவல் சாகவில்லை. 2016-இல் மேனுவலில் மட்டும் ‘911 ஆர்’ என்ற காரை போர்ஷே 991 எண்ணிக்கையில் செய்தது. கைமாறியபோது அதன் விலை எங்கோ போய்விட்டது. அடுத்த ஆண்டே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பியது, கூடுதல் விலை இல்லாமல்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? வளைவு நெருங்குகிறது. வலது பாதம் பிரேக்கை அழுத்தியிருக்கிறது. இடது கால் கிளட்ச்சை மிதிக்க, கை கியரைக் குறைக்கிறது. அதே நொடியில் வலது பாதத்தின் விளிம்பால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இன்ஜின் சுழற்சி சரியான அளவுக்கு ஏறினால் கிளட்ச்சை விடும்போது குலுக்கலே தெரியாது. பிசகினால் பின்சக்கரங்கள் இழுபட்டுக் கார் தடுமாறும். இப்போதைய மேனுவல் ஜிடி3-யில் இந்தத் தட்டலைக் கணினியே செய்து தரும், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் சுகம் என்பேன். பழகப் பழகக் கைகூடும் வித்தை அது. பிடிகே அதை ஓட்டுநரிடமிருந்து முழுக்க எடுத்துக்கொள்கிறது.

ஃபெராரியும் லம்போர்கினியும் மேனுவலை எப்போதோ கைவிட்டுவிட்டன. 2020 மாடலிலிருந்து கோர்வெட்டிலும் இல்லை. போர்ஷேயிலேயே, தடத்துக்கான ஜிடி3 ஆர்எஸ் பிடிகேயில் மட்டும்தான். சாலைக்கென்று 2023-இல் வந்த 911 எஸ்/டி மேனுவலில் மட்டும். இந்தப் பிரிவினைதான் நியாயம். கடிகாரத்தோடு போட்டி போடுகிறவர் பிடிகே வாங்கட்டும். மலைச்சாலையில் ஓட்டி மகிழ நினைப்பவர் மேனுவலைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க ஆளிருக்கும் வரைதான் கம்பெனிகள் அதைச் செய்யும்.