காமிராவே ஆயுதம்

வீடியோ விளையாட்டைப் பற்றித் தேசீயப் பத்திரிகையொன்று எழுதுவதாவது என்று முகம் சுளிக்கும் பெரியோர் உளர். ஆயினும் வீட்டிலுள்ள சிறுவரும் சிறுமியரும் மணிக்கணக்காய் யாருடைய உருவில் நின்று போராடுகின்றனர், எதன்பொருட்டுப் போராடுகின்றனர் என்று கவனியாதிருத்தல் விவேகமன்று.

இவ்விளையாட்டுக்களில் ஸ்திரீகளுக்கு ஆதியில் கிடைத்த ஸ்தானம் பரிதாபகரமானது. 1981-ம் வருஷம் ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியார் வெளியிட்ட ‘டாங்கி காங்’கில் ஒரு குரங்கு பெண்ணொருத்தியைக் கவர்ந்து சென்று உச்சியில் வைத்துக்கொள்ளும், ஆண்மகன் ஒருவன் ஏறிச்சென்று மீட்கவேண்டும். அவளுக்கு அங்கே காத்திருப்பதன்றி வேறு தொழிலில்லை. 1986-ல் அதே கம்பெனியாரின் ‘மெட்ராய்டு’ வந்தது. கவசம் பூண்டு வேற்றுக் கிரகத்தில் தனித்துப் போர்புரியும் ஸாமஸ் அரானை, அதனுடன் வந்த ஆங்கிலக் கையேடு ‘அவன்’ என்றே குறித்தது. விரைந்து ஆடி முடித்தவர்க்கு மட்டும் இறுதியில் கவசம் நீங்கி, அவ்வீரர் பெண் என்பது தெரியவரும். அக்காலத்தில் இது பெருந்துணிவே. ஆனால் இன்னும் விரைந்து முடித்தவர்க்கு அவளுடைய ஆடை மேலும் குறைத்துக் காட்டப்பட்டது! வீராங்கனையையே பரிசுப் பொருளாக்கிய புத்தியை என்னென்பது? 1996-ல் இங்கிலாந்தில் தோன்றிய ‘டூம் ரைடர்’ நாயகி லாரா கிராஃப்ட் அறிவும் அஞ்சாமையும் படைத்தவள். விளம்பரக்காரர்களோ அவளது அங்க அழகையே பறைசாற்றினர்.

இவர்களைக் காட்டிலும் நமது மதிப்பிற்குரியவள் 2003-ல் பிரெஞ்சுக்காரரான மிஷெல் ஆன்ஸெல் யூபிஸாஃப்ட் கம்பெனிக்காக அமைத்த ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ விளையாட்டின் நாயகி ஜேட். அவள் ராஜகுமாரியல்லள், பத்திரிகைகளுக்குப் போட்டோ எடுப்பவள். பத்திரிகைத் தொழிலிலுள்ள நமக்கு இதில் சிறிது பட்சபாதம் உண்டென்று நேயர்கள் நகைப்பின், அதை நாம் மறுக்கவில்லை.

ஹில்லிஸ் என்னும் கற்பனைக் கிரகத்தில், ஒரு கலங்கரை விளக்கத்தில், யுத்தத்தால் பெற்றோரை இழந்த குழந்தைகளை அவள் வளர்த்து வருகிறாள். மின்சாரத்திற்குப் பணம் கட்ட இயலாமையால், பகைவர் பாயும் தருணத்திலேயே அவ்வீட்டைக் காக்கும் சாதனம் நின்றுபோகிறது. கடனைத் தீர்க்க, அக்கிரகத்து ஜீவராசிகளை ஒவ்வொன்றாய்ப் போட்டோ எடுத்து விற்கத் தொடங்குகிறாள். வீரகதை வறுமையில் தொடங்குவது இத்துறையில் அரிது.

தேசத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ‘ஆல்பா’ என்னும் படையொன்று அங்கே அதிகாரம் செலுத்துகிறது. எங்குத் திரும்பினும் படைத்தலைவனின் பிரசாரமே கேட்கும். உண்மையிலோ, அப்படையே பகைவரோடு சேர்ந்து பிரஜைகளைக் கடத்தி, அவர்களைச் சந்திரனுக்கு ஏற்றியனுப்புகிறது. இரகசிய எதிர்ப்பு இயக்கமொன்று ஜேட்டை நாடுகிறது. அது அவளிடம் கேட்பது சாட்சியம். அவளிடம் ஒரு கோல் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் ஆட்டத்தின் உயிர்நிலை வேறிடத்திலிருக்கிறது. காவலர் கண்ணிற்படாமல் பதுங்கி நுழைந்து, குற்றம் ஐயமற விளங்கும்படி காமிராவில் பிடித்தாலன்றி அவள் காரியம் நிறைவேறாது. அவள் அனுப்பும் படங்கள் இயக்கத்தின் மறைவுப் பத்திரிகையில் வெளிவர, முன்பு அப்படையை நம்பியிருந்த ஜனங்கள் கோஷமிட்டு வீதிக்கு வருகின்றனர். ஆடுபவர் அந்நகருக்குத் திரும்பும்போதெல்லாம் இம்மாறுதலைக் கண்ணாரக் காணலாம். இடையே கலங்கரை விளக்கம் தகர்க்கப்பட்டு, குழந்தைகளும் கடத்தப்படுகின்றனர். அவளோ காமிராவைக் கீழே வைக்கவில்லை.

இதில் நமக்கொரு குறையுண்டு. முடிவில் ஜேட் சாமானியப் பெண்ணல்லள், பிறப்பிலேயே அபூர்வ சக்தி வாய்ந்தவள் என்று கதையை முடித்துவிட்டார்கள். கடன்பட்ட ஒரு பத்திரிகைக்காரி உழைப்பினாலும் உறுதியினாலும் சாதித்ததை இப்படித் தெய்விகத்தின் கணக்கில் எழுதியிருக்க வேண்டியதில்லை.

விமர்சகர் பாராட்டினும், 2003-ல் இவ்விளையாட்டு சரியாக விலைபோகவில்லை. ஆயினும் 2011-லும் 2024-லும் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே இன்றைய சிறுமியரும் அதே காமிராவுடன் ஹில்லிஸின் வீதிகளில் இறங்கலாம்.