தளவானூர்ப் பாறையும் சங்கராபரணி ஆறும்

செஞ்சியை அடுத்த தளவானூரில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயில் இன்றும் நிலைபெற்றுள்ளது. அக்கோயிலுக்கு இடந்தந்த கடும்பாறையே இவ்வட்டாரத்து ஆற்றின் இயல்பையும் வகுத்தது எனலாம். கடும்பாறை மழைநீரை எளிதில் உட்கொள்ளாது. பெய்த நீர் குன்றுகளினின்று விரைந்து வழிந்தோடிவிடும். ஆதலின் இங்குள்ள ஆறு மழைக்காலத்தில் பெருகும். கோடையில் வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும்.

செஞ்சிக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி, வராகநதி, செஞ்சியாறு என்னும் பெயர்களையும் உடையது. ஏறத்தாழ 79 கிலோமீட்டர் ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலிற் கலக்கின்றது. தொண்டியாறு வந்து கூடுமிடத்தில் 1950களின் இறுதியில் எழுந்த வீடூர் அணை, 32 அடி வரை நீரைத் தேக்கித் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக 3,200 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கின்றது. அதற்குக் கீழே திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாய் மாறிக் கிடக்கின்றன. அவை பண்டைப் பெருவெள்ளங்கள் அடித்துவந்து புதைத்தவை என்பது நிலவியலார் கருத்து.

உழவுக்கு உதவும் ஆறு உள்ளத்திற்கும் உவகை தருகின்றது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் ஊரார் குடும்பத்தோடு மணலிற் கூடுவர். திருவக்கரைக் கல்மரங்களைக் காண மாணவர் செல்வர். கழிமுகத்தையொட்டிய நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறை பலரை ஈர்க்கின்றது. ஆயினும் கோடையில் அப்படகுகளைத் தாங்குவது பெரும்பாலும் கடலேற்றத்தால் உட்புகும் உவர்நீரே. அதனைக் கண்டு ஆறு செழித்திருப்பதாகக் கருதுதல் பொருந்தாது.

வறண்ட ஆறுதானே என எண்ணுதலும் தீங்கு பயக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, வீடூருக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சங்கராபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. மணல் அள்ளப்பட்ட குழிகள் நீருக்கடியில் மறைந்துவிடுவதால், ஆழமறியாது இறங்கும் இளைஞர் உயிரிழக்க நேரிடும். அணைநீர் திறப்பு அறிவிப்பைக் கேட்டறிந்து, ஊரார் காட்டும் துறையில் மட்டும் நீராடுவதே அறிவுடைமை.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. ஆண்டின் பெரும்பகுதி ஓடாத ஆற்றின் கரையில் வாழும் நமக்கு அவ்வறிவுரை இரட்டிப்புக் கடமையாகும். மணலைக் காத்து, கழிவைத் தவிர்த்தால் மட்டுமே நாம் துய்க்கும் இன்பம் அடுத்த தலைமுறைக்கும் வாய்க்கும்.